ஒரு மில்லிமீட்டர் இடைவெளி: வீட்டிலேயே டான்ஸ் பேட் செய்வது எப்படி

திரையில் அம்புக்குறிகள் கீழிருந்து மேலே ஏறி வரும். உச்சியில் நான்கு அம்புகள் அசையாமல் நிற்கும். ஏறி வரும் அம்பு, நிற்கும் அம்பின் மேல் சரியாகப் பொருந்துகிற கணத்தில், உங்கள் காலடியில் அதே திசையில் இருக்கும் கட்டத்தை மிதிக்க வேண்டும். இடது, கீழ், மேல், வலது. அவ்வளவுதான் ஆட்டம். 1998இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் இதை 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்ற பெயரில் ஆர்கேடுகளுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்கு, கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே தென்கொரியாவின் ஆண்டமிரோ, நான்கு மூலைகளும் நடுவும் சேர்ந்த ஐந்து கட்டங்களுடன் 'பம்ப் இட் அப்' வெளியிட்டது. காலால் மிதித்து விளையாடும் பாய் இவற்றுக்கும் மூத்தது. 1986இலேயே பண்டாய் நிறுவனம் ஃபாமிகாம் என்ற வீடியோகேம் கருவிக்காக ஒன்றை விற்றது.

இப்போது இந்த வகை ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் காசில்லாமல் ஆடலாம். ஸ்டெப்மேனியா என்ற திறமூல மென்பொருள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அதிலிருந்து கிளைத்த ஐடிஜிமேனியாவைத்தான் இன்று தீவிரமாக ஆடுபவர்கள் பலர் வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டு, அந்தப் பாட்டுக்கு எந்த நொடியில் எந்த அம்பு என்று எழுதிய ஒரு கோப்பு, இரண்டும் இருந்தால் போதும். கீபோர்டின் அம்புச் சாவிகளிலேயே ஆடிப் பார்க்கலாம். ஆனால் விரலால் ஆடுவது, நீச்சல் குளத்தின் கரையில் உட்கார்ந்து கையை மட்டும் நனைப்பது மாதிரி. வியர்க்க வேண்டுமென்றால் காலுக்கு ஒரு பேட் வேண்டும்.

நான் முதலில் வாங்கியது மடித்து அலமாரியில் வைக்கக்கூடிய பிளாஸ்டிக் பாய். டைல்ஸ் தரையில் விரித்து முதல் பாட்டு முடிவதற்குள் அது ஜன்னல் பக்கமாக ஓர் அடி நகர்ந்திருந்தது. கண் திரையிலேயே இருப்பதால் பாய் நகர்வது தெரியாது. கால் தன்பாட்டுக்கு வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருக்கும். நான்கு ஓரத்திலும் டேப் ஒட்டிச் சமாளித்தேன். மூன்று மாதத்தில் வலது அம்பு செத்துப்போனது. தூக்கிப்போடுவதற்கு முன், சரி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஓரத்தைக் கத்தரித்துத் திறந்தேன்.

உள்ளே மூன்றே அடுக்கு. மேல் தாளின் உட்பக்கத்தில் மின்சாரம் கடத்தும் மை அச்சிடப்பட்டிருந்தது. கீழ்த் தாளிலும் அதே. நடுவில் ஓட்டை ஓட்டையாக வெட்டிய மெல்லிய ஃபோம். மிதித்தால் ஃபோம் நசுங்கும், ஓட்டைகளின் வழியாக மேல் மையும் கீழ் மையும் தொட்டுக்கொள்ளும், மின்சுற்று மூடும். காலை எடுத்தால் ஃபோம் நிமிர்ந்து இரண்டையும் பிரித்துவிடும். டிவி ரிமோட்டின் ரப்பர் பொத்தானுக்கு அடியிலும் கிட்டத்தட்ட இதுவேதான் நடக்கிறது. என் பாயில் வலது அம்பின் மை, மிதிபட்டுத் தேய்ந்து, மடிப்பு விழுந்த இடத்தில் வெடித்திருந்தது.

ஆக, டான்ஸ் பேட் என்பது நான்கே சாவிகள் கொண்ட பெரிய கீபோர்டு. சாவிகளைக் கால் அடிக்கிறது என்பதுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் சின்னதில்லை. விரலின் எடை சில பத்து கிராம். நம் எடை அறுபது எழுபது கிலோ, அதுவும் குதித்து இறங்கும் எடை. (இங்கே ஒரு சிறு ஏற்பாடு: 'பேட்' என்ற சொல்லோடு 'ஐ' சேர்த்தால் பெண்பறவை வந்து நிற்கிறது. அதனால் நாம் மரத்தில் செய்யப்போவதை இனி மேடை என்றே சொல்கிறேன்.)

மிதிப்பதும் விடுவதும்

மேடை செய்ய உட்காரும் எல்லோரும் முதலில் கவலைப்படுவது, 'மிதித்தால் பதிவாகுமா?' என்றுதான். பதிவாகும். மைக்குப் பதிலாக நாம் வைக்கப்போவது உலோகத் தகடுகள்; அறுபது கிலோ ஏறி நின்றால் எந்த இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும். தலைவலி வருவது காலை எடுக்கும்போது.

ஏன் என்று பார்ப்போம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒரு மிதி என்பது, திறந்திருந்த சுற்று மூடுகிற அந்த மாற்றம். ஏற்கெனவே மூடியிருக்கும் சுற்றின் மேல் நீங்கள் எத்தனை தரம் குதித்தாலும் அது ஒரே மிதிதான். இப்போது நிமிடத்துக்கு 150 தட்டு ஓடும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு அடி வரும் பகுதியில் நொடிக்குப் பத்து அடி விழும். ஒரே அம்பு தட்டுக்கு இரண்டு முறை திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஒரு கட்டத்துக்கு ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 200 மில்லிசெகண்டுதான். அதற்குள் கால் எழும்ப வேண்டும், பலகை நிமிர வேண்டும், தகடுகள் பிரிய வேண்டும், கால் மறுபடி இறங்க வேண்டும். ஃபோம் சோம்பேறித்தனமாக எழுந்தால் இரண்டாவது அடி காற்றில் போய்விடும். நீங்கள் சரியாகத்தான் மிதித்தீர்கள். திரை 'மிஸ்' என்று சொல்லும்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. 2001இல் வந்த 'டிடிஆர்மேக்ஸ்' பதிப்பிலிருந்து நீண்ட வால் கொண்ட அம்புகள் வருகின்றன. அவற்றை மிதித்து, வால் முடியும்வரை காலை எடுக்காமல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் மறு கால் வேறு கட்டங்களில் ஆடிக்கொண்டிருக்கும். உடல் எடை அங்குமிங்கும் சாயும். நின்ற காலுக்கு அடியில் தொடர்பு விட்டுப்போய், ஆட்டம் தரும் சிறு அவகாசத்துக்குள் திரும்ப வராவிட்டால் அந்த அம்பு போயிற்று.

ஆக மேடையிடம் நாம் கேட்பது இது: லேசாகத் தட்டினாலும் மூட வேண்டும், நிற்கும்வரை மூடியே இருக்க வேண்டும், எடுத்த மறுகணம் திறக்க வேண்டும். மூன்றும் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும், அந்த இடைவெளியைக் காக்கும் ஃபோமையும் பொறுத்தவை. பெரிய இடைவெளி விட்டால் நன்றாகப் பிரியும், ஆனால் ஓங்கி மிதிக்க வேண்டும். மூன்று பாட்டில் முழங்கால் பேசும். சின்ன இடைவெளி விட்டால் பூப்போலத் தட்டலாம், ஆனால் தகடுகள் அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். நான் பலமுறை மாற்றிப் பார்த்து நின்றது சுமார் ஒரு மில்லிமீட்டரில்.

ஒரே ஒரு கட்டம் முதலில்

மரக்கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை அட்டைக்குக் கொடுங்கள். 28 சென்டிமீட்டர் சதுரத்தில் தடித்த அட்டை இரண்டு வெட்டுங்கள். ஆர்கேடு மேடையின் கட்டமும் கிட்டத்தட்ட அதே அளவு, பதினோரு அங்குலம். இரண்டு அட்டையிலும் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஒட்டி, ஜன்னல் இடுக்கில் ஒட்டுகிற ஃபோம் டேப்பை நான்கு ஓரத்திலும் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக மூடுங்கள். மல்டிமீட்டரை, தொடர்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை மேல் தாளிலும் மறு முனையைக் கீழ்த் தாளிலும் மாட்டுங்கள். இப்போது மிதியுங்கள்.

நடுவில் மிதித்தால் பீப் கேட்கும். ஓரத்தில் மிதித்துப் பாருங்கள். பெரும்பாலும் சத்தம் வராது. ஃபோம் அங்கேதான் இருக்கிறது, அது நசுங்க மறுக்கிறது. இதில் என்ன பிரச்சினை, நடுவிலேயே மிதிக்கலாமே என்று தோன்றும். ஆட்டத்தில் அப்படி நடப்பதில்லை. ஆடுபவர் மேடையின் மையத்தில் நிற்கிறார். இடது அம்பு வந்தால் இடது காலைக் கட்டத்தின் மையம்வரை கொண்டுபோய் வைக்க நேரம் கிடையாது. முன்பாதத்தால் கட்டத்தின் உள் ஓரத்தைத் தட்டிவிட்டுக் கால் திரும்பிவிடும். கட்டத்தில் அதிகம் மிதிபடுவது அந்த உள் ஓரம்தான். ஆர்கேடு மேடையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு சென்சார்களை நான்கு ஓரத்திலும் வைத்திருப்பது இதனால்தான்.

நாமும் அதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஃபோம் நான்கு மூலைகளில் மட்டும். தகடு நான்கு ஓரங்களிலும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு அட்டை மாதிரியை மறுபடி மிதித்துப் பாருங்கள். ஓரத்தில் பீப் கேட்கும்போது வருகிற சந்தோஷம் தனி.

மரத்துக்குப் போகலாம்

அடிப்பலகைக்கு 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், மூன்றடிக்கு மூன்றடி. எட்டுக்கு நாலு ஷீட்டாக வாங்கினால் மிச்சத்திலேயே மற்ற 18 மில்லிமீட்டர் துண்டுகளும் வந்துவிடும். வெட்டுவதைக் கடையிலேயே மெஷினில் வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது தெரிந்த ஆசாரியிடம் கொடுங்கள். கையால் அறுத்த என் முதல் சதுரங்கள் எதுவும் சதுரமாக இல்லை.

அடிப்பலகையில் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டம் கோடு போடுங்கள். நான்கு மூலைக் கட்டங்களிலும் நடுக்கட்டத்திலும் அதே 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் சதுரங்களை ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுங்கள். இவை அசையாதவை. மிச்சம் நான்கு குழிகள் கிடைக்கும், அவைதான் அம்புகள். ஒவ்வொரு குழிக்கும் மூன்று பக்கம் மரம் இருக்கிறது, வெளிப்பக்கம் திறந்திருக்கிறது. அங்கே ரீப்பர் துண்டு ஒன்றை அடித்து மூடினால் பலகை வெளியே நழுவாது.

குழிக்குள் போகும் அசையும் பலகை 12 மில்லிமீட்டர் ப்ளைவுட். அதன் மேல் அம்புப் படம், படத்தின் மேல் 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட். அக்ரிலிக் வேண்டாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் குதித்தால் அக்ரிலிக் விரிசல் விடும். பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும். மூலையில் வைக்கும் ஃபோம் 3 மில்லிமீட்டர். கூட்டிப் பாருங்கள்: மூன்று, பன்னிரண்டு, மூன்று. பதினெட்டு. பக்கத்திலிருக்கும் அசையாத சதுரத்தோடு சரிமட்டம். கால் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும்போது எங்கும் இடறாது. பலகையைக் குழியைவிட எல்லாப் பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் சின்னதாக வெட்டி, ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

இனி தகடுகள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், நானும்தான். மேல் பலகையின் அடியில் ஒரு தகடு, குழியின் தரையில் ஒரு தகடு, இரண்டுக்கும் ஆளுக்கு ஓர் ஒயர் என்று முதலில் செய்தேன். மேல் பலகை ஒவ்வொரு மிதிக்கும் ஆடுகிறது. அதோடு ஒயரும் ஆடுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அறுந்துபோகும் என்பது சின்ன வயதிலேயே எல்லோரும் செய்து பார்த்த விஷயம். ஒரு மாதத்தில் இரண்டு கட்டம் போயிற்று.

சரியான வழி, அசையும் பலகைக்கு ஒயரே கொடுக்காமல் இருப்பது. குழியின் தரையில், சதுரத்துக்குள் சதுரமாக இரண்டு வளையம் அமையுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் அகல அலுமினியப் பட்டையால் ஆனது. இரண்டுக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் வெற்றிடம். வெளி வளையத்துக்கு ஓர் ஒயர், உள் வளையத்துக்கு ஓர் ஒயர். மேல் பலகையின் அடியில் வெறும் தகடு மட்டும், எதோடும் சேராமல். மிதித்தால் அந்தத் தகடு இறங்கி இரண்டு வளையத்துக்கும் பாலமாக நிற்கும். சுற்று மூடிவிட்டது, ஆனால் அசைகிற எதிலும் ஒயர் இல்லை. பட்டைகள் ஃபோம் இருக்கும் மூலைகளில் மட்டும் விலகிப் போகட்டும், அங்கே வளையத்தைச் சிறு ஒயர் துண்டால் இணைத்துக்கொள்ளலாம்.

தகடு அரை மில்லிமீட்டர் தடிப்பு போதும். மேலே அரை, கீழே அரை, ஆக ஒன்று. ஃபோம் மூன்று. மிச்ச இடைவெளி இரண்டு மில்லிமீட்டர். நமக்கு வேண்டியது ஒன்று. எனவே கீழ்ப் பட்டைகளுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் அட்டையை வைத்து உயர்த்துங்கள். இந்த அட்டையை இப்போதைக்கு ஒட்டிவிடாதீர்கள். பின்னால் இதைத்தான் மாற்றி மாற்றி விளையாடப் போகிறோம்.

அலுமினியத்தில் சால்டரிங் பிடிக்காது. ஈயம் உருண்டு உருண்டு ஓடும். ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் அதேதான். தகட்டில் ஓட்டை போட்டு, ஒயர் முனையை வாஷருக்கு அடியில் வைத்து ஸ்க்ரூவால் முறுக்குங்கள். செம்புத் தகடு கிடைத்தால் சால்டர் செய்யலாம், விலைதான் கூட. எந்தத் தகடானாலும் வெட்டிய ஓரத்தை அரத்தால் ராவிவிடுங்கள்; வெறுங்காலில் ஆடுபவர்கள் நாம்.

ஃபோம் வாங்கும்போது கவனம். மெத்தை, பஞ்சு மாதிரி காற்று உள்ளே போய்வரும் ஃபோம் மலிவு, மென்மை, ஆனால் சில வாரங்களில் நசுங்கியபடியே தங்கிவிடும். அப்புறம் பலகை எழும்பாது. கார் கதவு விளிம்பில் இருக்குமே, அந்த மாதிரி கருப்பு ரப்பர் ஃபோம் வேண்டும். அதன் ஒவ்வொரு குமிழும் தனித்தனியே மூடியிருப்பதால் உள்ளிருக்கும் காற்றே வில்லாக வேலை செய்து திருப்பித் தள்ளும். கடையில் விரலால் அழுத்தி, எடுத்து, எவ்வளவு வேகமாக நிமிர்கிறது என்று பாருங்கள். சோதனை அவ்வளவுதான்.

எல்லாம் சேர்ந்து எடை இருபது கிலோவை நெருங்கும். நல்லதுதான். நகராது.

ஒயர்கள் போய்ச் சேரும் இடம்

நான்கு குழிகளின் உள் வளையங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஒயராக்குங்கள். இது பொது ஒயர். வெளி வளையங்களிலிருந்து தனித்தனியே நான்கு. மொத்தம் ஐந்து. பாட்டுத் தேர்வு செய்ய 'ஸ்டார்ட்', 'பேக்' என்று இரண்டு சிறு பொத்தான்கள் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு.

பழைய கீபோர்டு ஒன்றைப் பிரித்து அதன் உள் பலகையில் இந்த ஒயர்களை இணைக்கலாம். பலரும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் கீபோர்டில் நூறு சாவிக்கும் நூறு ஒயர் கிடையாது. வரிசை, பத்தி என்று பகிர்ந்துகொள்ளும். அதனால் சில சாவிகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாது, அல்லது அழுத்தாத ஒன்று பதிவாகும். பழைய வீடியோகேம் கண்ட்ரோலரைப் பிரித்தால் வேறு ஒரு வேடிக்கை. சாதாரண ஆட்டங்களில் யாரும் இடதையும் வலதையும் சேர்த்து அழுத்துவதில்லை. அதனால் சில கண்ட்ரோலர்கள் அந்த இரண்டையும் ஒரே அச்சின் இரண்டு முனைகளாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். இரண்டையும் அழுத்தினால் கழித்துச் சுழியமாக்கிவிடும். நம் ஆட்டத்திலோ இடதும் வலதும் சேர்ந்து வரும் குதி, பாட்டுக்குப் பத்து தடவை வரும். கண்ட்ரோலர் பிரிப்பதாக இருந்தால் திசைப் பொத்தான்களை விட்டுவிட்டு மற்றப் பொத்தான்களில் இணையுங்கள்.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாமென்றால் ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டை வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு. மற்றவர்களுக்கு இணையக் கடைகள். ஆர்டுயினோ என்று மட்டும் கேட்டால் 'ஊனோ'வைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வழக்கமாகக் கிடைக்கும் ஊனோ ஆர்3இன் முதன்மைச் சிப்பால் நேரடியாக யுஎஸ்பி பேச முடியாது. கம்ப்யூட்டருக்கு அது கீபோர்டாகத் தெரியாது. லியோனார்டோவிலும் ப்ரோ மைக்ரோவிலும் உள்ள ஏடிமெகா 32யு4 சிப் தன்னைக் கீபோர்டு என்றோ ஜாய்ஸ்டிக் என்றோ கம்ப்யூட்டரிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

ஒவ்வொரு அம்பின் ஒயரையும் போர்டின் ஒரு காலில் ('பின்' என்பார்கள்) செருகுங்கள். பொது ஒயரை 'கிரவுண்டு' காலில். போர்டுக்குள்ளேயே ஒவ்வொரு காலையும் 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும் மின்தடை இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், யாரும் மிதிக்காதபோது கால் 5 வோல்ட்டில் நிற்கும். மிதித்ததும் கிரவுண்டோடு சேர்ந்து சுழியத்துக்கு விழும். நிரலுக்கு வேலை, நான்கு கால்களையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது. விழுந்தால் 'சாவி அழுத்தப்பட்டது', எழுந்தால் 'சாவி விடப்பட்டது' என்று சொல்வது. நிரல் எழுதியே பழக்கமில்லாதவர்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதிவிடலாம். 5 வோல்ட்டில் ஷாக் அடிக்காது. வியர்த்த காலோடு தைரியமாக ஏறலாம். வீட்டில் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஒரு நுணுக்கம். அந்த உள் மின்தடை 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும். கணக்குப் போட்டால், மிதிக்கும்போது தகடுகளுக்கு நடுவே ஓடுவது 0.25 மில்லிஆம்பியருக்கு மேல் போகாத மின்சாரம். அலுமினியத்தின் மேல் காற்றுப்பட்டு உருவாகும் ஆக்சைடு படலமோ மின்சாரம் கடத்தாது. லேசாகத் தட்டும்போது இத்தனை பலவீனமான மின்சாரம் அந்தப் படலத்தில் தடுமாறும். ஒவ்வொரு காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே வெளியில் ஒரு 1 கிலோ ஓம் மின்தடை போட்டால் மின்சாரம் 5 மில்லிஆம்பியராகும், பதிவு உறுதியாகும். மாதம் ஒருமுறை தகடுகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பதும் உதவும்.

மில்லிசெகண்டு கணக்கு

இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும்போது ஒரே தடவையில் தொட்டு நின்றுவிடுவதில்லை. தரையில் விழுந்த கரண்டி மாதிரி சில மில்லிசெகண்டு துள்ளும். போர்டு மிக வேகமாகப் பார்ப்பதால் ஒரு மிதியை ஏழெட்டு மிதியாக எண்ணிவிடும். இதைத் தவிர்க்க, பொதுவாக நிரல்களில் 'மாற்றம் தெரிந்தால் 5 மில்லிசெகண்டு காத்திரு, அப்போதும் அப்படியே இருந்தால் ஏற்றுக்கொள்' என்று எழுதுவார்கள். கதவுமணிக்கு அது சரி. நமக்கு, முதல் தொடுகையையே உடனே ஏற்றுக்கொண்டு, அதன் பிறகு 5 மில்லிசெகண்டுக்கு எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது மேல்.

ஐந்து மில்லிசெகண்டுக்கா இவ்வளவு பேச்சு? டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனில் மிக உயர்ந்த மதிப்பீடான 'மார்வெலஸ்' பெற, அடி சரியான கணத்துக்கு முன்னும் பின்னும் சுமார் 16.7 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும். நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரே ஒரு படத்தின் நேரம். 2004இல் ராக்ஸர் நிறுவனம் வெளியிட்ட 'இன் தி க்ரூவ்' ஆட்டத்தில் அந்த எல்லை சுமார் 21.5 மில்லிசெகண்டு. (அந்த ஆட்டத்தின் மேல் கொனாமி அடுத்த ஆண்டே வழக்குப் போட்டது தனிக் கதை.) பழைய யுஎஸ்பி கண்ட்ரோலர்கள் பல 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் கம்ப்யூட்டரிடம் பேசும். நாம் வாங்கிய போர்டுகளை 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பேசவைக்கலாம்.

ஆனால் தாமதத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. எந்த வகைத் தாமதம் என்று பார்க்க வேண்டும். உங்கள் டிவி எப்போதும் 40 மில்லிசெகண்டு பின்தங்கினால், ஸ்டெப்மேனியாவின் அமைப்புகளில் அந்த 40ஐக் கழித்துவிடலாம். மேடை எப்போதும் 5 மில்லிசெகண்டு தாமதித்தாலும் அப்படியே. கழிக்க முடியாதது, ஒரு அடிக்கு 3, அடுத்த அடிக்கு 25 என்று மாறிக்கொண்டே இருக்கும் தாமதம். அதை உண்டாக்குவது பெரும்பாலும் சிப்போ நிரலோ இல்லை. பலகை ஒரு ஓரத்தில் சீக்கிரமும் இன்னொரு ஓரத்தில் மெதுவாகவும் தகட்டைத் தொடுவதுதான். சுற்றிச் சுற்றி அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்கே வந்து நிற்கிறோம்.

இடைவெளியே இல்லாத வழி

இடைவெளியோடு மல்லுக்கட்டி அலுத்தவர்கள் எஃப்எஸ்ஆர் என்ற சென்சாருக்குப் போகிறார்கள். மெல்லிய பிளாஸ்டிக் பட்டைதான். அழுத்த அழுத்த அதன் மின்தடை குறையும். இதில் மூடல், திறப்பு என்று எதுவும் இல்லை. போர்டுக்கு 0 முதல் 1023 வரை ஓர் எண் கிடைக்கும். எந்த எண்ணைத் தாண்டினால் மிதி, எந்த எண்ணுக்குக் கீழே போனால் விடுதல் என்று நீங்கள் நிரலில் தீர்மானிக்கலாம். இரண்டுக்கும் ஒரே எண் வைக்காதீர்கள். 400ஐத் தாண்டினால் மிதி, 350க்குக் கீழே போனால் விடுதல் என்று சற்றுத் தள்ளி வைத்தால் எல்லையில் நின்று நடுங்காது. பலகை நகரவே வேண்டியதில்லை என்பதால் கால்கள் பறக்கும். ஒரு கட்டத்துக்கு நான்கு வீதம் பதினாறு சென்சார் வாங்கும்போது பர்ஸும் பறக்கும். முதல் மேடைக்குத் தகடே போதும் என்பது என் எண்ணம்.

பீசோ சென்சார் மலிவாயிற்றே என்று சிலர் கேட்பதுண்டு. அதிர்வைத்தான் அது உணரும். அசையாமல் நிற்பதை உணராது. வால் நீண்ட அம்பு வந்தால் கதை முடிந்தது.

தாள் வைத்துச் சரிசெய்வது

எல்லாம் பூட்டியாயிற்று. உடனே கடினமான பாட்டைப் போட்டு ஏறாதீர்கள். ஸ்டெப்மேனியாவில் உள்ளீட்டைச் சோதிக்கும் திரை ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் நான்கு ஓரங்களிலும் முன்பாதத்தால் தட்டிப் பாருங்கள். எந்த ஓரம் மெதுவாகப் பதிகிறதோ அங்கே பட்டைக்கு அடியில் இருக்கும் அட்டையோடு ஒரு சாதாரணத் தாளைச் செருகுங்கள். பிரிண்டர் தாள் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர். எந்த ஓரம் ஒட்டிக்கொள்கிறதோ அங்கிருந்து ஒன்றை உருவுங்கள். அமெரிக்காவில் ஆடுபவர்கள் சிலர் இதற்கு ஒரு சென்ட் காசுகளை வைப்பார்கள். காசு ஒன்றரை மில்லிமீட்டர். நம் இடைவெளிக்கு அது மலை. தாள்தான் தோது.

பிறகு, சுவருக்கு அந்தப் பக்கத்தையும் தரைக்கு அந்தப் பக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். மாடியில் இருப்பவர்கள், குழந்தைகள் விளையாடும் அந்தத் தடித்த ஃபோம் பாயை மேடைக்கு அடியில் விரிக்கலாம். சத்தம் முழுக்க நிற்காது. இரவு ஒன்பதுக்கு மேல் நான் ஏறுவதில்லை. கீழ் வீட்டு மாமி இரண்டாவது முறை மேலே வந்தபோது செய்துகொண்ட ஒப்பந்தம்.

மழைக்காலம் தொடங்கியதும் என் மேடையின் அடிப்பலகை லேசாக வளைந்தது. இடது கட்டம் எதுவும் செய்யாமலே தானாக மிதித்துக்கொண்டது. அப்போது அதன் உள் ஓரத்தில் ஒரு பழைய விசிட்டிங் கார்டும் இரண்டு தாள்களும் இருந்தன. ஒரு தாளை உருவினேன், சரியாயிற்று. அந்தத் தாளை மடித்து மேடையின் பக்கத்திலேயே செருகி வைத்திருக்கிறேன். மார்ச்சில் வேண்டியிருக்கும்.